கோழி மருந்தும் சௌந்திரத்தின் விரலும்

உங்கள் விரலில் துருக்கம்பி குத்தினால் எதை எடுத்துப் பூசுவீர்கள்? சௌந்திரம் கோழி மருந்தைப் பூசினார். சிரிக்காதீர்கள். அவர் வேலை செய்யும் இடத்தில் நீங்கள் இருந்தால் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

ராசிபுரத்துக்கு மேற்கே தனபாலின் பண்ணையில் எட்டாயிரம் முட்டைக்கோழிகள். பதினோரு வருடங்களாகச் சௌந்திரத்துக்கு அங்கேதான் வேலை. மழை இறங்கினாலும் வெயில் ஏறினாலும் தனபால் ‘கோர்ஸ்’ போடச் சொல்வார். நோயே இல்லாத கோழிகளுக்கும் முன்கூட்டியே குடிதண்ணீரில் ஆன்டிபயாட்டிக் கலப்பதற்குப் பண்ணைகளில் அதுதான் பெயர். தூளைத் தொட்டியில் கொட்டி, கட்டி தட்டாமல் முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவது சௌந்திரத்தின் பொறுப்பு.

கையில் கீறல் பட்டால் பண்ணையாட்கள் அதே தூளில் ஒரு சிட்டிகை வைத்துத் துணி சுற்றிக்கொள்வார்கள். எட்டாயிரம் உயிரைக் காக்கும் மருந்து ஒரு விரலைக் காக்காதா? அந்த மருந்தைத் தாக்குப்பிடிக்கப் பழகிய கிருமிகள்தான் கூண்டுக் கம்பியிலும் எச்சத்திலும் தங்கள் நகக்கண்ணிலும் இருக்கின்றன என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்கள் தூளை மட்டும் விற்றார்கள்.

போன ஆடியில் கம்பி குத்தியது. தூள் வைத்தார். நான்காம் நாள் விரல் கத்திரிக்காய் நிறமானது. ஏழாம் நாள் சிவப்புக் கோடு ஒன்று மணிக்கட்டைத் தாண்டி மேலேறியது. சேலத்து மருத்துவமனையில் டாக்டர் அகல்யா சீழைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, கோடு முடியும் இடத்தைப் பேனாவால் குறித்தார். மூன்று நாள் சௌந்திரம் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கோடு குறியைத் தாண்டியது. புதுக் குறி போட்டார்கள். அதையும் தாண்டியது.

“கைய எடுத்துருவீங்களா சாமி?”

“இப்ப சொல்ல முடியலம்மா. ஆறு மருந்துல அஞ்சு உங்க கிருமிகிட்ட எடுபடல. இதுக்கு முன்ன என்ன போட்டீங்க?”

சௌந்திரம் இடுப்பிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். டாக்டர் அதைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே அதே கோழித் தூள்.

ஆறாவது மருந்து கேட்டது. விரலில் இரண்டு கணு போயிற்று, கை தங்கியது.

அதே பண்ணையின் கடைசி வரிசையில், கால்நடை ஆராய்ச்சி மாணவி தனப்பிரியா ஐந்நூறு கோழிகளுக்குக் கோர்ஸ் இல்லாமல் தீவனத்தில் பெப்டைடு கொடுத்துப் பார்க்கிறார். தவளைத் தோலும் கோழிக் குடலும் நம் தோலும் கிருமியை விரட்டத் தாமே செய்துகொள்ளும் சின்னப் புரதத் துண்டுகள் அவை. பெரும்பாலும் கிருமியின் உறையையே ஓட்டையாக்குவதால் கிருமி தப்பப் பழகுவது கடினம். மந்திரம் ஒன்றுமில்லை. விலை அதிகம், குடலில் சீக்கிரம் சிதையும், கண்டபடி கொடுத்தால் இதற்கும் கிருமி பழகலாம். ஆனால் எட்டு வாரமாக அந்த வரிசையில் சாவு கூடவில்லை.

சௌந்திரம் வேலைக்குத் திரும்பிய அன்று, வேறு வரிசையில் மூன்று கோழிகள் செத்துக் கிடந்தன. தனபால் தூள் பையைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடி வந்தார்.

“சௌந்திரக்கா, அந்தப் புள்ளையோட வரிசைக்கும் சேத்துக் கலக்கீருங்க.”

“எதுல செத்துச்சுன்னு பாத்தீங்களா மொதலாளி?”

“லேபுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள பண்ணையே சுடுகாடாயிருமுங்க.”

“எனக்கும் அப்படித்தான் பயமுங்க. அந்தப் பயத்துலதான் வெரல்ல தூளு வெச்சேன்.” கட்டுப் போட்ட கையைத் தொட்டி விளிம்பில் வைத்தார். “நான் கலக்க மாட்டனுங்க. வேணும்னா நீங்க கைய உட்டுக் கலக்குங்க.”

தனபால் தூள் பையோடு தொட்டியருகே நின்றார். தண்ணீரைப் பார்த்தார். கையை விடவில்லை. கடைசியில் செத்த கோழிகளைப் பையில் கட்டிக்கொண்டு நாமக்கல்லில் இருக்கும் சோதனைக்கூடத்துக்கு வண்டியை எடுத்தார்.

சோதனை முடிவு இன்னும் வரவில்லை. வேலை போய்விடுமோ என்று சௌந்திரம் பயந்துகொண்டிருக்கிறார். இடது கையிலும் கீறல்கள் உண்டு. காலையில் எழுந்ததும் அவை சிவந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்.

பண்ணை வைத்திருப்பவரே, நோயில்லாத கோழிக்குக் கோர்ஸ் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். கோழி செத்தால் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். முதலில் அதைச் சோதனைக்கு எடுத்துப் போங்கள்.