நான்கு விரல் இடைவெளி

மூத்தவளைப் பொறாமைக்காரி என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இளையவளிடம் இருப்பது தன்னிடமும் இருக்க வேண்டும், கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே! கொழுந்தன் பெண்டாட்டியான அந்த இளையவள் மூக்குக்கண்ணாடி போட்டாள். அடுத்த மாதமே இவளுக்கும் எழுத்து மங்கியது.

அண்ணன் தம்பி இருவரும் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டியபோது சுவரைத் தேர்ந்தெடுத்தவள் இளையவள். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை அவளுக்கு. செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி நிறுத்தி, நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். செங்கல்லும் சிமெண்டும் குறைவாகப் பிடிக்கும், உள்ளே அடைபட்ட காற்று வெயிலை அண்டவிடாது என்று விளக்கினாள். "எங்களுக்கும் அதே சுவர்தான்" என்று மூத்தவள் முந்திக்கொண்டாள். விளக்கம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

இளையவள் அலுவலகம் போய்விட, பகலில் வேலையை மேற்பார்வையிட்டவள் மூத்தவள்தான். எழும்பும் சுவருக்குள் எட்டிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது.

"என்ன மேஸ்திரி, நடுவுல பொந்து விடுறீங்க?"

"இந்தச் சுவரே அப்படித்தாம்மா. அந்த வீட்டுக்கும் இப்படித்தான் கட்டுறோம்."

"அது எப்படியோ போகட்டும். எங்களுது கெட்டியா இருக்கணும். கலவையைக் கொட்டி நிரப்புங்க. யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க."

மேஸ்திரி சொல்லிப் பார்த்தார், பிறகு நிரப்பினார். பூச்சு முடிந்ததும் இரண்டு வீடும் அச்சு அசலாக ஒன்றுபோல் நின்றன. மூத்தவள் மட்டும் தன் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தாள்.

அந்த மகிழ்ச்சி கோடை வரைதான். அவள் கணவருக்கு ஆலையில் கிரேன் ஓட்டும் வேலை; இரவு ஷிப்ட். பகலில் தூங்கினால்தான் உண்டு. மதியமானால் மேற்குச் சுவர் அனல் கக்கியது. புரண்டு புரண்டு படுத்தவர், ஒருநாள் கிரேனிலேயே கண் அசந்துவிட்டார். கீழே நின்ற ஆள் மயிரிழையில் தப்பினான். மறுநாள் காலை தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பினார்.

"ஒரே சுவர்தான். நமக்கு மட்டும் ஏன் இப்படி வேகுதுன்னு தெரியல" என்றார்.

தன் புருஷனின் குறட்டை இளையவள் வீட்டு ஜன்னல் வழியாக வருவதைக் கேட்டு மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. நான்கு நாள் இப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் மேஸ்திரியை வரவழைத்தார். சுவரில் துளை போட்டுப் பார்த்தார்கள். உள்ளே காற்றுக்கு இடமே இல்லை.

"ஏமாத்திட்டீங்களே மேஸ்திரி. இனி இந்தப் பக்கம் யாரும் உங்களை வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் கொழுந்தன். மேஸ்திரி தரையைப் பார்த்தபடி நின்றார்.

சும்மா இருந்தால் தப்பித்துவிடலாம் என்று மூத்தவளுக்குத் தெரியும். வாய்தான் கேட்கவில்லை.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் நிரப்பச் சொன்னேன்."

"எதுக்கு?" என்றார் கணவர்.

"அவளுதைவிட கெட்டியா இருக்கட்டும்னுதான்."

யாரும் சிரிக்கவில்லை. இளையவள் சிரித்திருந்தாலாவது சண்டை பிடித்திருக்கலாம். அவளோ, "வெளிப்பக்கம் தெர்மாகோல் பலகை ஒட்டிப் பூசினா சரியாயிடும்க்கா. அதுவரைக்கும் நீங்களும் மாமாவோட எங்க வீட்டுலயே வந்து படுங்க" என்றாள்.

மூன்று நாள் வீம்பாகத் தன் வீட்டிலேயே வெந்தாள் மூத்தவள். நான்காம் நாள் மதியம், ஒரு குறையாவது கண்டுபிடித்துவிடுவது என்ற முடிவோடு போய்ப் படுத்தாள். ஐந்தே நிமிடத்தில் தூங்கிப்போனாள். எழுந்தபோது விளக்கு வைக்கும் நேரம். யாரோ போர்வை வேறு போர்த்திவிட்டிருந்தார்கள். அவ்வளவு நன்றாகத் தூங்கியதைத்தான் அவளால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.