அடிமட்டத்தின் வால்வுப் பெட்டி

எங்கள் இசைக்குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவனுக்கு அடிமட்டம் என்று பெயர் வைத்தது நான்தான். எல்லாச் சத்தத்துக்கும் அடியில் கிடப்பவன் என்று கேலியாக வைத்தேன். அவனோ பட்டம் வாங்கியவன் மாதிரி அதை ஏற்றுக்கொண்டான். நான் டிரம்ஸ். என் வலது காலும் அவன் இரண்டு விரல்களும் பல வருஷமாகக் குடும்பம் நடத்துகின்றன. "அண்ணே, இவர நீங்களே கட்டியிருக்கலாம்" என்பாள் அவன் மனைவி.

பேஸ் வாசிப்பவன் குழம்பில் உப்பு மாதிரி. இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், இல்லாவிட்டால்தான் தெரியும். அப்படித்தான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது கீபோர்டால். கீபோர்டுக்காரன் அடிமட்டத்தின் சொந்த அக்கா மகன். குழுவில் கொண்டுவந்து சேர்த்ததே அடிமட்டம்தான். கெட்டிக்காரன். வலது கையால் வயலின் சத்தமும் புல்லாங்குழல் சத்தமும் கொடுத்துக்கொண்டே, இடது கையால் பேஸையும் வாசித்துவிடுவான். இது எங்கள் முதலாளியின் கண்ணில் பட்டுவிட்டது. முன்னால் நின்று பாடுகிறவர், குழுவை நடத்துகிறவர், காது இருக்க வேண்டிய இடத்தில் வாய் வைத்துப் பிறந்தவர். ஒரு நாள் ஒத்திகை முடிந்ததும் சொன்னார்:

"உன் சத்தம் மூணாவது வரிசையத் தாண்ட மாட்டேங்குது. வர்ற கல்யாண வரவேற்புல கடைசி வரிசைக்குக் கேக்கணும். இல்லன்னா உன் மருமகனோட இடது கையே எனக்குப் போதும்."

அடிமட்டத்துக்கு வேறு தொழில் தெரியாது. தலை நரைத்தவனை வேறு எந்தக் குழுவும் எடுக்காது. வாலிபத்தில் கேட்ட ஒரு வால்வு ஆம்ப்ளியின், கண்ணாடி வால்வுகள் சூடேறிச் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியின், சத்தம் அவன் மண்டைக்குள் இன்னும் இருந்தது. அந்தப் பழைய மாடலையே கம்பெனி அதே முகத்தோடு மறுபடி தயாரித்து விற்கிறது என்று கேள்விப்பட்டான். மறுவாரமே மோட்டார் சைக்கிளை விற்று அதை வாங்கிவிட்டான். அவனும் நானும் அதைத் தூக்கி மாடியேற்றுவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"வண்டிய வித்துட்டுப் பெட்டிய வாங்கியிருக்கீங்க. இனிமே இது மேல ஏறி உக்காந்து போங்க" என்றாள் அவன் மனைவி.

சுவிட்சைப் போட்டான். வால்வுகள் மெல்லச் சிவந்தன. சூடேறியதும் கீழ்க்கம்பியை ஒரு தட்டுத் தட்டினான். சமையலறையில் தட்டுகள் அதிர்ந்தன. அவள்கூடப் பெட்டியை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அவன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம்தான். பெட்டி நன்றாகச் சூடானதும் கரகரத்தது, பிறகு ஊமையாகிவிட்டது. ஆறவிட்டால் பேசியது. சூடானால் மறுபடி ஊமை. ஒயரை மாற்றினோம். கிதாரை மாற்றினோம். ஒவ்வொரு வால்வாகக் கழற்றிப் புதிது போட்டோம். மரக்கரண்டிக் காம்பால் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தோம். கடைக்காரனுக்குப் போன் செய்தால், "உங்க வீட்டுக் கரண்டு சரியில்ல" என்றான். கரண்டு ஆள் வந்து பார்த்து, "கரண்டு நல்லாத்தான் இருக்கு, கடைக்காரன்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். வால்வுப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் வெளியூர் போயிருந்தான்.

கடைசியில் மேஜை விசிறியைப் பெட்டிக்குப் பின்னால் ஓடவிட்டோம். காற்றுப் பட்டதும் ஒரு மாலை முழுக்கத் தாக்குப் பிடித்தது. "எனக்கு ஒரு நாளாவது இப்படி விசிறினீங்களா?" என்று கேட்டாள் மனைவி. அவன் சிரிக்கவில்லை.

வரவேற்பு மேடைக்கும் விசிறி வந்தது. முதல் பாட்டு முழங்கியது. இரண்டாவது பாட்டில் வீடியோக்காரன் விளக்குக்கு இடம் தேடி, விசிறியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். யாரும் கவனிக்கவில்லை. பாதிப் பாட்டில் என் கால் பெடலை மிதித்தபோது, படி இருக்கும் என்று கால் வைத்து இல்லாமல் போனதுபோல் ஆயிற்று. பேஸ் இல்லை.

அடுத்த தாளத்திலேயே பேஸ் வந்தது. ஆனால் பின்னாலிருந்து அல்ல, வலப்பக்கத்திலிருந்து. மருமகனின் இடது கை கீழே இறங்கியிருந்தது. மாமன் பக்கம் அவன் திரும்பவே இல்லை. அடிமட்டம் ஊமைக் கம்பிகளை வரவேற்பு முடியும்வரை தட்டிக்கொண்டே நின்றான்.

முடிந்ததும் முதலாளி வந்து எல்லோர் முன்னாலும் அவன் தோளைத் தட்டினார். "இன்னிக்கு வாசிச்சியே, இதுதான்யா பேஸ். கடைசி வரிசைலேர்ந்து வந்து கேட்டாங்க, என்ன கம்பெனி ஆம்ப்ளின்னு."

மேடைக்குப் பின்னால் அவன் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டான். மருமகன் ஓடிவந்தான். "மாமா, உங்களுக்காகத்தான் செஞ்சேன்."

"தெரியும்டா. நீ செஞ்சது தப்பில்ல. நான் இல்லாதது ஒருத்தனுக்கும் தெரியல பாரு, அதான் தாங்க முடியல" என்றான். நேரே போய் முதலாளியை நாலு கேட்டுவிடலாமா என்றேன். அடிமட்டம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம். பொழப்பு போயிடும். மொதல்ல பெட்டிய சரி பண்ணிடறேன். ஒரு தடவ ஒழுங்கா கேட்டா, அவருக்கே வித்தியாசம் தெரியும்."

மெக்கானிக் வெளியூரிலிருந்து திரும்பி வந்தான். ஒரு வால்வைச் செருகும் குழியின் அடியில் ஈயப்பற்று விரிசல் விட்டிருந்தது. சூடேறினால் வாய் பிளந்து தொடர்பு அறுந்துவிடும். பற்றவைத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு விசிறியே தேவைப்படவில்லை.

அடுத்த ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்து நின்றான் அடிமட்டம். பாட்டு ஆரம்பித்தது. அந்தப் பெட்டி பேசிய பேச்சு என் கால் எலும்புக்குள் ஏறியது. இத்தனை வருஷத்தில் அவன் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான்.

முதலாளி கையைத் தூக்கி நிறுத்தினார். முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா இது? அன்னிக்கு மாதிரி இல்லையே. சும்மா திமுதிமுன்னு இருக்கு. அன்னிக்கு எவ்ளோ சுத்தமா இருந்துச்சு. அந்த சத்தம் வந்தா வா, இல்லன்னா விட்டுரு."

வித்தியாசம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

அடிமட்டம் என்னைப் பார்த்தான். பிறகு முதலாளியிடம், "ஒரு நிமிஷம்ணே, சரி பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டிப் பக்கம் திரும்பி, சத்தத்தின் குமிழை இடது கோடி வரைக்கும், பூஜ்யத்துக்குத் திருகினான். நிமிர்ந்து மருமகனைப் பார்த்துத் தலையசைத்தான். மருமகனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் இடது கையைக் கீழே இறக்கினான்.

"ஆங், இதுதான். இனிமே இத மாத்தாத" என்றார் முதலாளி.

வால்வுகள் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. அடிமட்டம் கடைசிப் பாட்டு வரைக்கும் ஒரு சுரம் விடாமல் வாசித்தான்.