நாலு கிலோ தண்ணீர்

ஹனீஃபா முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, காலை. லஸ் பக்கத்தில் இருக்கும் அந்த டயாலிசிஸ் மையத்துக்குள் யார் வந்தாலும் குனிந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்துவார். விரலை எடுத்த பிறகும் குழி நிறையாவிட்டால் நிமிர்ந்து, "இன்னா குடிச்சீங்க?" என்பார். பதினாலு வருஷமாக டெக்னீஷியன். எடை பார்க்கும் மெஷின் அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும்.

அவர் கேட்கும் பொய்களுக்கு அளவே இல்லை. ரசத்தைத் தண்ணீரில் சேர்க்க மாட்டார்கள், மோர் மருந்து, தர்பூசணி பழம்தானே என்பார்கள். ஹனீஃபா கோபப்படுவதில்லை. "என்கிட்ட மறைச்சிக்கலாம். மெஷின்கிட்ட மறைக்க முடியுமா?" என்று ஊசியைக் குத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. நல்ல சிறுநீரகம் ஒரு நாளில் நூற்றெண்பது லிட்டர் நீரை வடிகட்டுகிறது. வெளியே விடுவது ஒன்றரை லிட்டர்தான். மீதியையெல்லாம் உறிஞ்சி உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வேர்த்துக் கொட்டினால் இறுக்கிப் பிடிக்கும். இரண்டு இளநீர் குடித்தால் தாராளமாக விட்டுவிடும். "எவ்ளோ எடுக்கணும்னு நாம நம்பர் போட்டாத்தான் மெஷினுக்குத் தெரியும். கிட்னிக்கு யாரும் சொல்லத் தேவல" என்பார். ரம்ஜான் மாதத்தில் தன் உடம்பையே உதாரணம் காட்டுவார்: "விடியறதுக்கு முன்னாடி குடிச்சது. உள்ள புடிச்சி வெச்சிக்கினு கீது."

இந்த ரம்ஜானில் ஒரு புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி வாக்கில், தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கம் அண்ணாச்சி நாலு கிலோ கூடுதலாக வந்து நின்றார். மூச்சு இரைத்தது. வெள்ளிக்கிழமை காலை அவர் மகளுக்குக் கல்யாணம்.

"சத்தியமா தண்ணி குடிக்கல தம்பி. பத்திரிகை வைக்கப் போன வீட்டுல வேண்டாம்னு எந்திரிச்சு வந்தா நல்லாவா இருக்கும்? காப்பி, மோருன்னு ஒரு மடக்குதான்."

"எத்தினி வீடு?"

"ரெண்டு நாள்ல நாப்பது வீடு இருக்கும்." சொல்லும்போதே அண்ணாச்சிக்கு விஷயம் உறைத்துவிட்டது. "பூராத்தையும் இன்னைக்கே எடுத்துருங்க. தாரை வாத்துக் குடுக்க நான் நிக்கணும்லா?"

"நாலையும் ஒண்ணா இழுத்தா பிரஷர் படுத்துரும் அண்ணாச்சி. அப்புறம் எங்க நிக்கிறது?"

டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு மூன்று கிலோவுக்குத்தான் நம்பர் போட்டார். மீதியைத் தானே எடுத்துவிடுகிறேன் என்று மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார். மறுநாள் தனக்கு லீவு என்பதைச் சொல்லவில்லை.

மூன்று கிலோவே அதிகமாகத்தான் போயிற்று. மூன்றாவது மணி நேரத்தில் அண்ணாச்சியின் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது, ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கியது. ஹனீஃபா இழுப்பதை நிறுத்தி, காலை உயர்த்தி, எடுத்த அளவில் கொஞ்சத்தைச் சலைனாக உள்ளே ஏற்றினார். கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டே இருந்தார். அண்ணாச்சிக்கு உதடு ஒட்டிக்கொண்டது.

"ஒரே ஒரு மடக்கு, தம்பி."

"வேணாம் அண்ணாச்சி. வெள்ளிக்கிழம நின்னாப் போதும்."

சொல்லும்போது ஹனீஃபாவுக்குப் பாவமாக இருந்தது. நோன்பில் அவருடைய நாக்கும் காய்ந்துதான் கிடந்தது. ஆனால் தன் தாகம் இன்னும் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும், இவருடைய தாகம் நாளைக்கும் தீராது என்று அவருக்குத் தெரியும்.

அழுத்தம் மெல்ல ஏறி நூற்றுப் பத்தில் நின்றது. ஹனீஃபாவின் செல்போனில் பாங்கு ஒலித்தது.

"போயி நோன்பு தொறங்க தம்பி" என்றார் அண்ணாச்சி. "எனக்கு இப்ப ஒண்ணுமில்ல."

நர்ஸிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஹனீஃபா பின்கட்டு அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, முதல் மடக்கைத் தொண்டைச் சத்தம் வெளியே கேட்காமல் விழுங்கினார்.