அம்மா விட்டுவிட்ட வரி

மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என் கையில் துண்டுப் பிரசுரம் ஒன்றைத் திணித்தாள். ‘இயேசுவே ஒரே வழி’ என்று போட்டிருந்தது. மலிவான மை வாசனை. எங்கள் வீட்டுப் பழைய ஜெபப் புத்தகத்திலும் அதே வாசனைதான் அடிக்கும்.

அந்தப் புத்தகத்தை வைத்து அம்மா ஜெபம் சொன்ன காலத்தில் எனக்குப் பத்து வயது. அம்மா நடவுக்குப் போவாள்; சர்ச்சில் பெண்கள் ஜெபத்தை நடத்துவதும் அவள்தான். அது எப்போதும், “உம்மை அறியாமல் அழிகிறவர்களை மீட்டருளும்” என்ற வரியோடு முடியும்.

அந்த அறுவடைக்குக் கூலியை உயர்த்தக் கேட்டு எங்கள் தெருவே வேலைக்குப் போகவில்லை. முன்னால் நின்றவர் அப்பா. மிராசுதாரின் ஆட்கள் தேடி வந்தபோது, அரிசிக்கடை காதர் பாய் அவரைத் தன் வீட்டுக்குள் எட்டு நாள் ஒளித்து வைத்தார். அந்த ஆட்கள் கடையில் வைத்துப் பாயின் கையை முறித்தார்கள். அப்போதும் அவர் அப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா அந்த வரியைச் சொல்வதில்லை. சர்ச் உபதேசியார் வீட்டுக்கே வந்து கேட்டார்.

“வேதம் பொய்யின்னு சொல்றியாம்மா?”

“இல்லீங்கய்யா. பாய் அழிஞ்சு போவாருன்னு சொல்ல வாய் வரலீங்க.”

“வழி ஒண்ணுதாம்மா.”

“ஒண்ணாவே இருக்கட்டுங்க. அதுல அவர உள்ள விடமாட்டாங்கன்னு நான் எப்படிங்க சொல்லுவேன்?”

அடுத்த ஞாயிறு ஜெபம் நடத்த வேறொருத்தியை வைத்தார்கள். அம்மா சண்டை போடவில்லை. சாகும்வரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க இரட்சிக்கப்பட்டீங்களாம்மா?” என்றாள் பஸ் ஸ்டாண்டில் பிரசுரம் கொடுத்த பெண்.

கிறிஸ்தவள்தான் என்றேன். அவள் நிம்மதியாகச் சிரித்துவிட்டு, அடுத்த பெஞ்சில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த அம்மாளிடம் போனாள்.