நாள் வைக்காத சடங்கு

மகள் பெரியபிள்ளையானபோது சடங்குக்கு நாள் வைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் குடியேறிய இந்த நாட்டுக்கு என் தம்பி வரட்டும் என்று காத்திருந்தோம். எங்கள் ஊரில் தாய்மாமன் தேங்காய் உடைத்த பிறகுதான் பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பது. எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

விசாவுக்குக் கேட்டபோது, "மாமன் நான் போன பிறகுதான் நாள் வைப்பினம்" என்று தம்பி உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான். நாளே இல்லாத விழாவா என்று மறுத்துவிட்டார்கள். ஐயரிடம் நாள் கேட்டு, மண்டபமும் எடுத்து, மறுபடி போட்டோம். மனைவி, பிள்ளைகள், கடை எல்லாம் காட்டினான். நான் வெள்ளிக்கிழமை விரதம் பிடித்து முருகனை அழுது கேட்டேன். இரண்டாம் முறையும் மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போவான் என்று நம்பிக்கை இல்லையாம்.

"முந்தி இந்த நாட்டுக்கு வெள்ளைக்காரர்தான் வேணுமெண்டு வெளியிலயே சொன்னவங்கள். இப்ப சொல்லாமச் செய்யிறாங்கள்" என்றார் என் கணவர்.

"கோயிலுக்குப் போற நேரம் வாயை மூடுங்கோ" என்று ஏசினேன். நானும் சத்தியம் செய்து இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தவள். எல்லாரும் சமம் என்று சொன்னதை நம்பியிருந்தேன்.

சடங்குக்கு முந்தின கிழமை, கீழ்வீட்டு வெள்ளைக்கார மதாமின் அக்கா மகன் பிரான்சிலிருந்து வந்து இறங்கினான். போனில் ஏதோ அனுமதி எடுத்து, பிளேன் ஏறினானாம். அங்கே வேலையும் இல்லை, குடும்பமும் இல்லை. பிடித்தால் இங்கேயே இருந்துவிடப் போகிறானாம். சிரித்துக்கொண்டு சொன்னான்.

"உன் தம்பியும் டிக்கெட் எடுத்து வந்திருக்கலாமே?" என்று மதாம் கேட்டார். நல்ல மனுசி, தெரியாமல்தான் கேட்டார். எனக்கு வாயில் பிரெஞ்சு வரவில்லை. மகள் முந்திக்கொண்டாள்.

"மாமா வெள்ளை இல்லை, மதாம்."

படியேறும்போது, "ஏனடி அப்பிடிச் சொன்னனி?" என்று கேட்டேன்.

"பொய்யா அம்மா?"

சடங்கன்று தேங்காயை இவருடைய சிநேகிதர் ஒருவர் உடைத்தார். படம் எடுக்கும்போது மாமன் நிற்கிற பக்கத்தில் யாரையும் நான் விடவில்லை.

"அக்கா, அந்தப் பக்கம் வெறுமையாக் கிடக்கு. ஆரையாவது நிப்பாட்டுங்கோ" என்றான் படக்காரன்.

நான் பதில் சொல்வதற்குள், மதாமோடு சடங்குக்கு வந்திருந்த அந்தப் பிரான்சுப் பிள்ளை ஆசையோடு ஓடிவந்து நின்றான். எங்களைத் தேடி வந்த விருந்தாளி. தள்ளிப் போ என்று எந்த வாயால் சொல்வது?

படம் யாழ்ப்பாணத்துக்கும் போனது. தம்பி போன் எடுத்துக் கேட்டான்.

"என்ர இடத்தில நிக்கிறது ஆரக்கா?"

"கீழ்வீட்டு மதாமிட ஆள். பிரான்சில இருந்து வந்தவன்."

"அவனுக்கு மட்டும் எப்பிடி விசா குடுத்தவை?"

"அவனுக்கு விசாவே தேவையில்லையடா."