மஞ்சள் தடவிய நாற்பது கார்டுகள்

கம்ப்யூட்டருக்கு முதல் வேலையை மங்களகரமாகக் கொடுத்தால்தான் சரியான விடை வரும் என்று நம்பிய அறிவாளி நான். 1978-இல் தூத்துக்குடியில் கல்லூரியில் படித்தபோது நடந்தது இது.

ஊரில் ஒரு பெரிய ஆலையில் கம்ப்யூட்டர் இருந்தது. எங்கள் வகுப்புக்கு அங்கே ஒரே ஒரு சனிக்கிழமையை ஒதுக்கியிருந்தார்கள். நாங்கள் தாளில் எழுதிக் கொடுத்த புரோகிராமை, அங்கு வேலை பார்த்த ஓர் அக்கா வரிக்கு ஒரு கார்டாகத் துளை போட்டு, சரிபார்க்கச் சொல்லி முந்தின வாரமே கொடுத்துவிட்டார். எனக்கு நாற்பது கார்டு. சனிக்கிழமை அது ஓடினால் பாஸ். ஓடாவிட்டால் அடுத்த வருஷம்தான்.

ஆறுமுகநேரியில் எங்கள் வீட்டில் புதுச் சட்டையைக்கூட மஞ்சள் வைக்காமல் போட மாட்டோம். கார்டை விடுவேனா? ஒவ்வொன்றிலும் ஒரு மூலையை வேறு வெட்டியிருந்தார்கள். மூளியாக இருக்கிறதே என்று, மீதி மூன்று மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தாராளமாகத் தடவினேன்.

என் முறை வந்தது. நாலு கார்டு உள்ளே போனது. ஐந்தாவது 'கர்ர்' என்று சிக்கி, சிவப்பு விளக்கு எரிந்தது. பல லட்ச ரூபாய் மெஷினைக் கொன்றுவிட்டேன்! அடுத்து நான் செய்த வீரச்செயல், ஓட்டம். வாசலில் வாட்ச்மேன் மறித்தார்.

"ஏலே, எங்கன ஓடுத? உள்ள போயி கேட் சீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வா."

"வயித்த வலி அண்ணாச்சி."

"வயித்த வலிக்கும் கையெழுத்து வேணும்லா!"

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினேன். அந்த அக்கா மெஷினைத் திறந்து உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் மஞ்சள்.

"ஏ தம்பி, மெஷினுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தியாக்கும்?"

அறையே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"இது தெனமும் சிக்கத்தான் செய்யும். ஒன் கார்டுதான் ஊறிப்போச்சு. இங்கன உக்காரு, திரும்ப அடிக்கேன்."

அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் எழுந்து போனார்கள். அவர் தூக்குச்சட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, என் தாளைப் பார்த்து முதல் கார்டிலிருந்து அடிக்க ஆரம்பித்தார். நாற்பதாவது முடிந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டுத் திரும்பியிருந்தார்கள்.

விடை அச்சாகி வந்ததும் தாளைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. இன்றுவரை கம்ப்யூட்டரில்தான் பிழைப்பு ஓடுகிறது. யார் கேட்டாலும் இதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்வேன். ஆனால் நடந்தது இவ்வளவுதான்: என் புரோகிராம் ஓடியது, அந்த அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை.