தூசிக்குத் தடை போட்டவர்

"இனிமே தூசி இந்தக் கண்ணாடியில உக்காரணும்னா எங்கிட்ட அனுமதி வாங்கணும். இதுல ஒரு துணி பட்டுச்சுன்னா எம் பேரு ராயப்பராஜ் இல்ல."

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு தை மாதம், நத்தம் சாலையை ஒட்டிய முள்ளிக்கரடு காலனியின் தண்ணீர்த் தொட்டியருகே நின்று ராயப்பராஜ் இப்படி அறிவித்தார். அதையும் கோபமாகத்தான் அறிவித்தார். நல்ல சேதியைக்கூட திட்டிச் சொல்லுகிற பிறவி அவர். திண்டுக்கல்லில் பத்து வருடம் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டியவர். எரிந்த மோட்டாரைத் தூக்கி வருகிறவர்களைக் கொலைக் குற்றவாளிகளாக விசாரித்துப் பழகிய நாக்கு. சர்ச்சில் ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில், பக்கத்தில் நிற்பவர் அவர் முகத்தைப் பார்த்து ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கும்பிடுவார். காயில் தொழில் படுத்ததும் சூரிய மோட்டார் பராமரிப்புக்கு வந்தார். கோபத்தையும் கூடவே கொண்டுவந்தார்.

காலனியின் நாற்பது வீட்டுக்கும் ஒரே போர்க்குழாய். அதன் மோட்டாருக்கு ஒன்பது சோலார் பலகைகள். பலகையில் வெயில் விழுந்தால் மோட்டார் ஓடும், ஓடினால் குடிக்கத் தண்ணீர். எதிரில் கல் உடைக்கும் கிரஷர் ஒன்று ராப்பகலாக வெள்ளைத் தூசி கக்கியது. காலனிக்காரி அங்காளம்மாள் தினமும் விடிகாலையில் ஏணி வைத்து ஏறி, பழைய சேலைத் துணியால் ஒன்பதையும் துடைத்துவிட்டு இறங்குவாள். ஒரு வருடமாகத் தொட்டி நிறைந்தது. ஒரு காரியம் இவ்வளவு சுலபமாக நடந்தால் ஐ.டி.ஐ. படித்த ராயப்பராஜ் எப்படிப் பொறுப்பார்?

கோயம்புத்தூர்ப் பொருட்காட்சியில் ஒரு மருந்து வாங்கி வந்தார். கண்ணாடியில் பூசினால் அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளுமாம். முந்தின ஐப்பசியில் தன் வீட்டு மாடியில் ஒரு பலகையில் பூசிப் பார்த்தார். பத்து நாளில் பளிங்கு. ஆராய்ச்சி அத்துடன் நிறைவுற்றது. முள்ளிக்கரட்டின் ஒன்பதுக்கும் பூசி, எவரும் ஏறிவிடாதபடி ஏணியைத் தொட்டியின் காலோடு சேர்த்துப் பூட்டினார்.

"அப்ப யாருண்ணே துடைக்கிறது?" என்றாள் அங்காளம்மாள்.

"அதுவே துடைச்சுக்கிரும்."

"கையில்லாமயா?"

"இந்தாம்மா, இங்க விஞ்ஞானி நீயா நானா?"

"நான் தண்ணி குடிக்கிறவ, அண்ணே."

மாசியில் தொட்டி முக்கால் ஆனது. பங்குனியில் பாதி. சித்திரை பிறந்ததும் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பெண்கள் மூன்று மைல் நடந்து ஒரு தோட்டத்துக் கிணற்றில் இறைத்தார்கள். தோட்டக்காரர் வேலி போட்ட அன்று, அங்காளம்மாளும் எட்டுப் பேரும் காலிக் குடங்களுடன் பஸ் ஏறி ராயப்பராஜின் திண்டுக்கல் கடைக்கே வந்துவிட்டார்கள்.

"கண்ணாடியத் தொட்டது யாரு?" அவர் முந்திக்கொண்டார்.

"ஏணியத்தான் பூட்டி வச்சிருக்கீங்களே."

"அப்பக் கல்லெறிஞ்சிருக்கீங்க."

"எறியத்தான் நெனச்சோம். எறிய வேண்டிய ஆளு இங்க இருக்காரேன்னுதான் டிக்கெட் எடுத்து வந்தோம்." குடத்தை மேசைமேல் ணங்கென்று வைத்தாள். "நாளான்னைக்குள்ள தண்ணி வரல, நாப்பது வீடும் ஒங்க வீட்டுக் குழாயடிக்கு வந்துரும். குளிக்க, தொவைக்க எல்லாத்துக்கும்."

அவர் நேராகக் கிரஷருக்குப் போய்க் கத்தினார். கணக்கெழுதும் சடையாண்டி நிதானமாகத் தலைநிமிர்ந்தார். "நாங்க விக்கிறது கல்லுண்ணே. தூசியச் சும்மா குடுக்குறோம். சும்மா குடுக்குறதுக்கும் சண்டைக்கு வந்தா எப்புடி?"

அங்கிருந்து காலனிக்கு வந்து, ஏணிப் பூட்டைத் திறந்து பலகைக்கு ஏறினார். நகத்தால் சுரண்டினார். நகம்தான் உடைந்தது. மாசிப் பனியும் கல்தூசியும் சேர்ந்து, கொத்தனார் பூசியதுபோல் காய்ந்து கிடந்தது. ஏணியைப் பழையபடி பூட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பி, மருந்து டப்பாவோடு வந்த காகிதத்தை முதல் தடவையாகக் கடைசி வரிவரை படித்தார். எறும்பு எழுத்தில் இருந்தது: ஒவ்வொரு மழையிலும் தூசி தானே கழுவிக்கொண்டு போகும்.

அவர் மாடியில் ஐப்பசியில் தினமும் மழை கொட்டியது. முள்ளிக்கரட்டில் மார்கழிக்குப் பிறகு ஒரு தூறல் இல்லை. ஆக, மழை பெய்தால் பலகை சுத்தமாகும்; மழைக்காலத்தில் அங்கே யாரும் தண்ணீருக்கு அலைவதில்லை. இந்த அரிய உண்மையை உலகுக்கு அறிவிக்க அவர் அவசரப்படவில்லை. காகிதத்தைத் திட்டினார், கோயம்புத்தூரைத் திட்டினார், மேகத்தைத் திட்டினார். அப்புறம் திட்டுவதற்கு ஒரே ஓர் ஆள் மிச்சமிருந்தார். அவரைத் திட்டி ராயப்பராஜுக்குப் பழக்கமில்லை.

மறுநாள் வெளுக்கும் முன்பே வந்து மறுபடி பூட்டைத் திறந்தார். சத்தம் கேட்டு வந்த அங்காளம்மாள், எங்கோ கடன் வாங்கிய அரைக்குடம் தண்ணீரை நீட்டினாள்.

"வெயில் ஏறுமுன்ன முடிங்கண்ணே. சூடேறின கண்ணாடியில தண்ணி பட்டா விரிசல் விட்டுரும்."

அவர் ஏறினார். தோளில் கிடந்த துண்டை நனைத்துப் பலகைமேல் விரித்து, பொருக்கு ஊறும்வரை காத்திருந்து, அழுத்தித் துடைத்தார். உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம் தெரிந்தது. பிறகு இன்னும் கொஞ்சம்.

"கீழ் ஓரம் விட்டுப்போச்சுண்ணே."

ராயப்பராஜ் ஒரு படி இறங்கி, ஓரத்தைத் துடைத்துவிட்டு, ஏணியை இரண்டாவது பலகைக்கு நகர்த்தினார்.